இரவு 11 மணிக்கு மேலும் இட்லி வேகட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் சென்ற வாரம், மதுரையை ஒரே நாளில் சுற்றிப் பார்க்க நேரம் குறித்த பட்டியல் ஒன்று வந்திருந்தது. காலையில் மீனாட்சி அம்மன் கோவில், பிறகு திருமலை நாயக்கர் மகால், மதியச் சாப்பாடு, காந்தி அருங்காட்சியகம், மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளம், இரவு மறுபடியும் கோவிலில் பள்ளியறை பூஜை. கடைசி வரி: 'இரவு 9.30, விடுதிக்குத் திரும்பி ஓய்வு.' அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. மதுரைக்குப் போய் ஒன்பதரை மணிக்குப் படுத்துக்கொள் என்பது, கல்யாண வீட்டுக்குப் போய்த் தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் திரும்பி வா என்பது போல இருக்கிறது.

நான் அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் தோழியும் செவிலியர்தான். பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஓராண்டு மூத்தவர் என்பதால் இந்த வயதிலும் அவர் எனக்கு அக்கா. அவருக்கு நான் இன்னமும் 'அடியே'. எங்கள் இருவருக்கும் இரவு என்றால் வார்டு என்று ஆகிப்போன வாழ்க்கை. மாலை ஏழு மணிக்கு உள்ளே போனால் மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வெளியே வருவோம். ட்ரிப்ஸ் பாட்டிலில் சொட்டு எண்ணிக்கொண்டு நிற்கும்போது ஜன்னலுக்கு வெளியே, தெருவிளக்குக்குக் கீழே ஒரு டீக்கடை தெரியும். நள்ளிரவு இரண்டு மணிக்கும் அங்கே நான்கு பேர் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள், அந்த நேரத்துக் காற்று முகத்தில் பட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கும். ஆயிரக்கணக்கான இரவுகள் கண் விழித்திருக்கிறேன். ஓர் ஊரின் தெருவில் ஓர் இரவுகூட நடந்ததில்லை.

அதனால் ஓய்வு பெற்றதும் நாங்கள் இருவரும் ஒரு முடிவு செய்தோம். ஆண்டுக்கு ஒரு நகரம், மூன்று நாள். காலையில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, மதியம் நன்றாகத் தூங்கி எழுந்து, இரவில் நடப்பது. அக்காவுக்குச் சர்க்கரை, எனக்கு இடது முழங்கால். ஆகவே மெதுவாகத்தான் நடப்போம், ஆனால் நடப்போம். ஹைதராபாத்துக்கு ரமலான் மாதத்தில் போனோம். சார்மினார் பக்கத்தில் லாட் பஜாரில் நள்ளிரவு தாண்டியும் பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வளையல் பேரம் பேசியதைப் பார்த்தோம். மைசூருவில் ஞாயிற்றுக்கிழமை இரவு அரண்மனை முழுவதும் ஒரே நொடியில் விளக்கு எரிந்தபோது அக்கா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. இந்தூரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆண்டு, ஆடி கடைசியில், மதுரை.

விடுதியில் அறை கேட்டபோது முதலில் வந்த கேள்வி, கூட ஆண்கள் யாரும் வரவில்லையா என்பது. இரண்டாவது, கீழே இரும்புக் கதவை இரவு 11 மணிக்குப் பூட்டிவிடுவோம், அதற்குள் வந்துவிட வேண்டும் என்பது. அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். இரண்டாவதாகக் கேட்ட விடுதியில், எந்த நேரத்தில் வந்தாலும் மணி அடியுங்கள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். முதல் விடுதியில் கேட்டதை நான் பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தூங்கா நகரம் என்று ஊரே பெருமையாகச் சொல்லும் இடத்தில், வந்து தங்குகிறவர்களை 11 மணிக்குப் பூட்டி வைப்பது என்ன வழக்கம்?

மகாலைப் பகலில் பார்த்தோம். 1636-இல் கட்டியது, இப்போது நிற்பது அந்த அரண்மனையின் ஒரு பகுதிதான் என்று படித்திருந்ததால், தூண்களைப் பார்க்கும்போது பிரமிப்போடு ஓர் ஏக்கமும் இருந்தது. அதைவிட அதிகமாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை. என் மனது இரவுக்கே காத்திருந்தது.

பள்ளியறை பூஜையைக் காண எட்டரைக்கே கோவிலுக்குப் போய்விட்டோம். கைப்பேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் யார் கையிலும் ஒன்றும் இல்லை. எல்லாருடைய கண்களும் ஒரே திசையில் இருந்தன. சொக்கநாதரின் பாதுகைகளை வெள்ளிப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு அம்மன் சந்நிதிக்குக் கொண்டுவருகிறார்கள். சாம்பிராணிப் புகை. விசிறி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்குகிறது. நோயாளிகளுக்கு இரவு மருந்தைக் கொடுத்துவிட்டு வார்டின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவோமே, அந்த அடக்கம். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

வெளியே வந்தபோது மணி ஒன்பதே முக்கால். சித்திரை வீதியில் வண்டிகள் வராது. கல் பாவிய தரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிறுமி கோபுரத்துக்கு நேராக மல்லாந்து படுத்துக்கொண்டு பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். மதுரையின் வீதிகள் கோவிலைச் சுற்றி அடுக்கடுக்காக, உள்ளே ஆடி, அடுத்துச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதப் பெயர்களோடு விரிகின்றன. அந்த இரவு நாங்கள் நடந்தது நான்கு மாதங்கள் என்று அக்கா கணக்குச் சொன்னார்.

விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா குடித்தோம். அக்காவுக்கு அரை டம்ளர் மட்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சுண்டக் காய்ச்சிய பால், ஊறிக் கண்ணாடி போல் ஆன பாதாம் பிசின், நன்னாரி சர்பத், பால் ஐஸ், மேலே ஒரு கரண்டி பாசுந்தி. 'ஜிகர்' என்றால் ஈரல், உருதுக்காரர்கள் நெஞ்சு என்று சொல்ல வேண்டிய இடத்திலும் அதைத்தான் சொல்வார்கள் என்று ஹைதராபாத்தில் ஓர் ஆட்டோக்காரர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். நெஞ்சைக் குளிர்விப்பது என்று பெயர் வைத்தவர் மதுரை வெயிலை அறிந்தவர். அரை டம்ளரை முடித்துவிட்டு என் டம்ளரிலிருந்தும் இரண்டு வாய் குடித்தார் அக்கா. தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அங்கிருந்து தெற்கு ஆவணி மூல வீதி வழியாக நடந்தோம். பகலில் நகை வாங்க வருகிறவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொள்ளும் வீதி. பத்தரை மணிக்கு எல்லாக் கடைகளுக்கும் இரும்புக் கதவு இறங்கி, ஒரு நாயைத் தவிர அசைவு இல்லை. மேல மாசி வீதிக்குத் திரும்பினோம். 1921 செப்டம்பரில் காந்தி தன் உடையை மாற்றி நான்கு முழ வேட்டிக்கு வந்தது இந்த வீதியில் ஒரு வீட்டில்தான். இப்போது அது கதர்க் கடை. பகலில் அதன் எதிரே ஒரு நிமிடம் நிற்க முடியாது, பின்னால் ஹார்ன் அடிப்பார்கள். இரவில் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அந்த மாடியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தோம்.

மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில் தள்ளுவண்டி இட்லிக் கடை ஒன்று இருந்தது. எந்தச் சந்து என்று எழுத மாட்டேன். அதனால் கடை நடத்தும் அம்மாவுக்குத் தொல்லை வரக் கூடாது. ஐம்பது வயது இருக்கும். பித்தளைக் கொப்பரையின் மூடியைத் திறந்ததும் ஆவி அவருடைய மூக்குக் கண்ணாடியை மறைத்துவிடும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துணியோடு ஈட்டைத் தட்டில் கவிழ்ப்பார். துணியின் முதுகில் ஒரு கை தண்ணீர் தெளிப்பார். அவசரப்படாமல் ஒரு மூச்சு நேரம் பொறுத்து, ஓர் ஓரத்திலிருந்து துணியை உரித்துக்கொண்டே வருவார். ஓர் இட்லியின் தோல்கூடத் துணியோடு போகாது. புண்ணில் ஒட்டிப்போன கட்டுத் துணியை நனைத்து, நோயாளிக்கு வலிக்காமல் எடுக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்களே, அதே கைப் பதம். நான் அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழையிலை வைத்த தட்டில் ஆளுக்கு நான்கு இட்லி. தேங்காய்ச் சட்னி, தக்காளிச் சட்னி, மல்லிச் சட்னி, இவற்றோடு தண்ணீராக ஓடும் பச்சை மிளகாய்ச் சட்னி. மதுரை இட்லி அந்தத் தண்ணீர்ச் சட்னியில் மிதந்தால்தான் மதுரை இட்லி. எங்களோடு நின்று சாப்பிட்டவர்களைச் சொல்ல வேண்டும். மூட்டை இறக்கி முடித்து வந்த இரண்டு பேர். பெரிய மருத்துவமனையில் மாமியாரைச் சேர்த்துவிட்டுப் பார்சல் வாங்க வந்த ஒரு பெண். அவர் ஊர் ராமநாதபுரம் பக்கம், மதுரையில் ஒருவரையும் தெரியாது. தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு ஓர் இளம் பெண், ஏதோ ஒரு நிறுவனத்தில் இரவு பத்து மணிக்கு வேலை முடிகிறவள். தினமும் இங்கேதான் சாப்பிடுவாயா என்று அக்கா கேட்டார். "ஆமாம் ஆன்ட்டி. இங்கே வெளிச்சம் இருக்கிறது, இந்த அம்மாவும் இருக்கிறார்கள்" என்றாள். பாதுகாப்பைப் பற்றி எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அப்போது மணி பதினொன்று பத்து இருக்கலாம். ரோந்து வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கிய காவலர் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. லத்தியால் வண்டியின் தகரத்தை இரண்டு முறை தட்டினார், அவ்வளவுதான். அந்த அம்மாவின் கை தானாக விளக்கை அணைத்துவிட்டது. அடுப்பையும் அணைத்தார். கொப்பரைக்குள் ஓர் ஈடு பாதி வெந்திருந்தது. நாங்கள் எல்லாரும் இருட்டில் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றோம். ராமநாதபுரத்துப் பெண்ணுக்குப் பார்சல் கிடைக்கவில்லை. பணம் எவ்வளவு என்று நான் கேட்பதற்குள், "போங்கள் அம்மா, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டார். எங்கள் கணக்குக்கு 60 ரூபாய்.

அந்தக் காவலரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. இரவுப் பணி உடம்பை என்ன செய்யும் என்று அறிந்தவள் நான். அவருக்குச் சொல்லப்பட்டதை அவர் செய்தார். நான் கேட்பது, அப்படிச் செய்யச் சொல்வது சரியா என்பதைத்தான். விளக்கு எரிந்தபோது அந்த முனையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம், அதில் ஐந்து பேர் பெண்கள். விளக்கு அணைந்து ஐந்து நிமிடத்தில் அந்த இடத்தில் இருட்டு மட்டுமே இருந்தது. எது பத்திரமான தெரு?

இன்னொன்றையும் வெட்கப்படாமல் எழுதுகிறேன். அரை மணி நேரம் கழித்து அக்காவுக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. சர்க்கரை உள்ளவர்களால் அடக்க முடியாது. வழியில் பார்த்த ஒரு பொதுக் கழிப்பறை பூட்டியிருந்தது. இன்னொன்றில் ஆண்கள் பக்கம் மட்டும் திறந்திருந்தது. கடைசியில் ரயில் நிலையம் வரை நடந்து, ஆளுக்குப் 10 ரூபாய்க்கு பிளாட்ஃபார்ம் டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். வெளியூர்ப் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் பெண்களை எனக்குத் தெரியும். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்து, குளிர் காய்ச்சலோடு, சிறுநீர்த் தொற்றோடு என் வார்டில் படுத்தவர்கள் அவர்கள். ஏன் அம்மா தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். சுற்றுலாத் தலம் என்று ஓர் ஊரைச் சொல்வதற்கு முன்னால், அந்த ஊரில் இரவு 12 மணிக்கு ஒரு பெண் தண்ணீர் குடிக்கத் துணிவாளா என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போனோம். செவ்வந்தி மூட்டைகள் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. மல்லி வர இன்னும் நேரம் ஆகும் என்றார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை அதன் ஊரிலேயே வாங்க வேண்டும் என்று அக்காவுக்குப் பிடிவாதம். டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஈரச் சாக்கைப் பிரித்ததும் அந்த வாசனை எழுந்தது. மொட்டு ஒவ்வொன்றும் அரிசி போல வெள்ளையாக, காம்பு நீண்டு, கையில் அள்ளினால் கனமாக இருந்தது. கால் கிலோ வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து இருவரும் உட்கார்ந்து கட்டினோம். கணவர் போன பிறகு அக்கா பூ வைத்துக்கொண்டதில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கட்டி முடித்த சரத்தை இரண்டாகக் கிள்ளி, ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றொன்றைத் தன் தலையில் தானே வைத்துக்கொண்டார்.

இப்போது இந்தூர். அங்கே சராஃபா என்று ஒரு கடைவீதி. பகல் முழுவதும் தங்கமும் வெள்ளியும் விற்கும் நகைக்கடைகள். கடைகள் அடைத்ததும் அதே வாசற்படிகளின் முன்னால் அடுப்புகள் மூட்டப்படுகின்றன. சோளத்தைத் துருவிப் பாலும் மசாலாவும் சேர்த்துக் கிளறித் தருகிறார்கள். தட்டு அகலத்துக்கு ஒரு ஜிலேபி. குளிர்காலத்தில் கிழங்கை வறுத்து மசாலா தூவிய கராடு. நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வரைக்கும் கூட்டம். பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள், கல்லூரிப் பெண்கள். நகைக்கடைக்காரர்கள் எப்படி இடம் கொடுக்கிறார்கள் என்று கேட்டோம். கடை வாசலில் இரவெல்லாம் ஆட்கள் இருந்தால் திருட்டுப் பயம் இல்லை, அதனால் அவர்களே விரும்பித்தான் கொடுத்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் இறங்கிக் கிடந்த இரும்புக் கதவுகளைப் பார்த்தபோது எனக்கு அந்த வீதிதான் நினைவுக்கு வந்தது. அதே நகைக்கடை வீதி, கோவிலுக்கு இரண்டு நிமிட நடை, இந்தியாவின் எந்த ஊருக்கும் குறையாத கைப்பக்குவம். அடுப்பு மூட்ட விடுவது ஒன்றுதான் பாக்கி.

ஊருக்குத் திரும்பிய பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணையிட்டது; 2022-இல் அதை மேலும் 3 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. நல்ல ஆணை. ஆனால் அந்த இட்லிக்கார அம்மாவிடம் வேலை செய்பவர் அந்த அம்மா ஒருவர்தான். பத்துப் பேரை வைத்துக் குளிரூட்டிய கடை நடத்துகிறவருக்கு இரவு உண்டு. ஒற்றை அடுப்புக்காரிக்கு இல்லை என்றுதானே ஆகிறது? தெருவோர வியாபாரிகளுக்காக 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அதன்படி நகரங்களில் விற்பனைக் குழு அமைக்க வேண்டும். குழுவில் பத்தில் நான்கு பேராவது தெருவோர வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒரே இடத்தைப் பகலில் ஒருவரும் இரவில் ஒருவரும் என்று நேரம் பிரித்துக்கொள்ளவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. சில வீதிகளை மட்டும் இரவு உணவு வீதி என்று அறிவித்து, அடையாள அட்டை கொடுத்து, இந்த நேரம் முதல் இந்த நேரம் வரை என்று எழுதிக் கொடுத்துவிட்டால், ரோந்து வரும் காவலருக்கும் குழப்பம் இருக்காது. புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டம் போதும்.

சத்தமும் குப்பையும் குடிகாரர்களும் வருவார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. அந்த வீதிகளில் குடியிருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்து நான் இட்லி சாப்பிட விரும்பவில்லை. அதனால்தான் வீடுகள் நெருங்கிய சந்துகளை விட்டு, இரவில் ஆள் குடியில்லாத கடைவீதிகளைச் சொல்கிறேன். குப்பைத் தொட்டி, கை கழுவத் தண்ணீர், திறந்திருக்கும் பெண்கள் கழிப்பறை, ஒரு பெண் காவலர். இவற்றையெல்லாம் மதுரை செய்ய முடியாத ஊரா? சித்திரைத் திருவிழாவைப் பாருங்கள். தல்லாகுளத்தில், அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று இரவு ஊரே தெருவில் இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் விடியலுக்காக லட்சக்கணக்கானவர்கள் வைகைக் கரையில் கண் விழிக்கிறார்கள். ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் விடிய விடிய நடக்கிறது. அந்த இரவுகளில் நீர்மோர்ப் பந்தல் உண்டு, விளக்கு உண்டு, மருத்துவ முகாம் உண்டு. ஏன் அம்மா இந்த நேரத்தில் தனியாக வந்தாய் என்று எந்தப் பெண்ணையும் யாரும் கேட்பதில்லை. சித்திரையில் முடிகிறது, ஆடியில் ஏன் முடியாது?

பள்ளியில் எங்கள் தமிழாசிரியை மதுரைக்காஞ்சியைச் சொல்லிக்கொடுத்தபோது அல்லங்காடி என்ற சொல்லைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார். இரவுக் கடைத்தெரு. அந்தப் பாட்டில் இரவு ஏறிய பிறகு அடையும் மோதகமும் விற்கிறவர்கள் தங்கள் பண்டத்தோடு உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறார்கள். ஊர்க்காவலர்கள் கண் துஞ்சாமல் கள்வரைத் தேடுகிறார்கள். பிள்ளை பெற்ற பெண்கள் சுற்றத்தோடு வந்து குளத்தில் நீராடுவதும் அதே இரவில்தான். பிரசவ வார்டில் பதினோரு ஆண்டுகள் இருந்த எனக்கு அந்த வரி மறக்கவே இல்லை. அந்தப் பாட்டைப் பாடிய மாங்குடி மருதனார் கண்ட இரவில் பெண்ணுக்கும் இடம் இருந்தது, பண்டம் விற்கிறவருக்கும் இடம் இருந்தது.

அதைவிடவும் எனக்கு நெருக்கமானது வந்தியின் கதை. நாதியற்ற கிழவி, புட்டு விற்றுப் பிழைத்தவள். வைகை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட, அவளுக்காக ஆளாக வந்தவர் சொக்கநாதர். கூலி, உதிர்ந்த புட்டு. வேலை செய்யாமல் ஆடிப் பாடிக்கொண்டிருந்தவர் மீது அரசன் பிரம்பால் அடித்த அடி ஊரில் இருந்த அத்தனை உயிர் மீதும் விழுந்தது, அரசன் மீதும் விழுந்தது. ஆவணி தோறும் அந்தப் புட்டுத் திருவிழாவை இன்றைக்கும் கொண்டாடுகிற ஊர் மதுரை. அந்த இரவு தகரத்தில் லத்தி இரண்டு முறை பட்டபோது, என் தட்டு என் கையில் அதிர்ந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, தட்டு அந்த வண்டியின் விளிம்பில்தான் இருந்தது.

மதுரையின் பொறுப்பில் இருப்பவர்கள் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். தங்கள் சுற்றுலாப் பக்கத்தை எழுதுகிறவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மதுரைக்கு வரும்போது ஒன்பதரை மணிக்குப் பேனாவை மூடிவிடாதீர்கள். உங்கள் அம்மாவையோ அக்காவையோ கூட அழைத்துக்கொண்டு இரவு 12 மணி வரை நடந்து பாருங்கள். எங்கே விளக்கு இருக்கிறது, எங்கே உட்காரலாம், எந்தக் கழிப்பறை திறந்திருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலை நான் வெட்டி வைத்துக்கொள்வேன்.

இரண்டாம் இரவு பத்து மணிக்கே அந்தச் சந்து முனைக்குப் போய் நின்றோம். வண்டி இல்லை. மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்புமுன் பகலிலும் போய்ப் பார்த்தோம். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். வேண்டாம், நாமே கையில் கொடுப்போம் என்றார் அக்கா. சித்திரையில் எதிர்சேவைக்கு மறுபடியும் போகிறோம். ஐம்பது ரூபாய்த் தாள் ஒன்றும் பத்து ரூபாய்த் தாள் ஒன்றும் நான்காக மடித்து என் பணப்பையின் உள்ளறையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கும்பகோணம்.